‘வரும்… வரும்…’ வீடியோவை எடுத்தவன் நான்தான். இப்போது என்ன செய்வது?

கேட்டவர்: கோத்தகிரி ஸ்டுடியோ

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில் டானிங்டன் போகிற வழியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், ரீசார்ஜ், நடுநடுவே கல்யாணம், காதுகுத்து. ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழா வந்தால் நாலு நாள் தூக்கம் கிடையாது. பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு. மீம் போடுகிற ஆள் இல்லை, பார்த்துச் சிரிக்கிற ஆள்.

போன மாதம் பக்கத்து ஊர் ஒன்றில் புதுக் குடிநீர்க் குழாய் திறப்பு விழா. வேலையை எடுத்த காண்ட்ராக்டர் வீடியோ எடுக்கக் கூப்பிட்டார். 3,500 ரூபாய் பேச்சு. 2,000 கையில் கொடுத்தார், மீதி இன்னும் வரவில்லை. (இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, ஏன் என்று கீழே தெரியும்.) காலை ஒன்பது மணி விழாவுக்குத் திறந்து வைக்க வேண்டியவர் வந்தது பன்னிரண்டரைக்கு. அவர் ஊர், கட்சி, பதவி எதையும் சொல்லப் போவதில்லை. உள்ளூர் ஆள், அவ்வளவுதான். நாங்கள் தலைவர் என்று கூப்பிடுவோம்.

குழாய்க்குச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கூட்டி வந்த தவிலும் நாதஸ்வரமும் காதைக் கிழித்தன. தலைவர் குழாயைத் திருகினார். ‘உஸ்ஸ்ஸ்’ என்று காற்றுதான் வந்தது. குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார். நிமிர்ந்து நேராக என் கேமராவைப் பார்த்தார். கன்றுக்குட்டி முதுகைத் தட்டுகிற மாதிரி குழாயை இரண்டு தட்டுத் தட்டி, “வரும்… வரும்…” என்றார். நாலு விநாடி ஒன்றும் இல்லை. மறுபடி குனிந்தார். அப்போதுதான் ‘டப்’ என்று ஒரு சத்தம். டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் முகத்தில் அடித்தது. வெள்ளைச் சட்டை, தோள் துண்டு எல்லாம் செம்மண். கண்ணை மூடியபடி அப்படியே நின்றார். கன்னத்தில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

ராத்திரி எடிட் பண்ண உட்கார்ந்தபோது அந்த இடத்தை மட்டும் பதினொரு விநாடி வெட்டி என் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும், என் ஸ்டேட்டஸைப் பார்ப்பது நாற்பது பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். இவ்வளவுதான் என் கணக்கு. மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்பூரில் இருக்கும் மச்சான் அதே வீடியோவை எனக்கே அனுப்புகிறான், “உங்க ஊர்ப் பக்கமாமே, பாத்தியா?” என்று. மேலே இரண்டு அம்புக்குறி, பலமுறை பகிரப்பட்டது என்ற முத்திரையோடு.

மூன்றாவது நாள் அது வேறு என்னவோ ஆகிவிட்டது. ‘சம்பளம் எப்போ சார்?’ கீழே தலைவர், வரும்… வரும்… ‘டிஎன்பிஎஸ்சி ரிசல்ட்?’ வரும்… வரும்… ‘கரண்ட்?’ வரும்… வரும்… ‘கோத்தகிரிக்குக் கடைசி பஸ்?’ வரும்… வரும்… மதுரையிலிருந்து ஒருவர் போட்டிருக்கிறார், ‘மெட்ரோ?’ என்று. இது தண்ணீர்க் குழாய் என்பதே பார்க்கிறவர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. தலைவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

எனக்குப் புரியாதது இதுதான். கொடநாடு காட்சி முனையில் மூன்று வாரம் விடியற்காலை போய் நின்று, மேகம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருவதை டைம்லாப்ஸ் எடுத்துப் போட்டேன். 212 பேர் பார்த்தார்கள். இந்தப் பதினொரு விநாடியில் அப்படி என்ன இருக்கிறது? தலைவரோடு இருக்கும் பையன்கள் இரண்டு பேர் கடைக்கு வந்து, “அண்ணே, எடுத்துடுங்க” என்றார்கள். குரலில் மிரட்டல் இல்லை, ஆனால் உட்காரவும் இல்லை. நான் எதை எடுப்பது? ஸ்டேட்டஸ் அன்றைக்கே போய்விட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: மீம் ஓய்வூதியர்

அண்ணா, கும்பிடு. நான் குன்னூர்க்காரன், வேலை கோவையில். ஆறு வருடம் ஒரு மீம் பக்கம் நடத்திவிட்டு, கல்யாணம் ஆனதும் மூடினேன். உங்கள் வீடியோ ஆறாவது கையாக எனக்கு வந்தது.

அசிங்கப்பட்ட வீடியோ எல்லாம் மீம் ஆகாது. வேட்டி தடுக்கி விழுந்தவர்கள், மேடை சரிந்து போனவர்கள் என்று தினம் நாலு வருகிறது. ஒரு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். மீம் ஆவதற்கு அந்த வீடியோவில் காலியிடம் வேண்டும், பார்க்கிறவன் தன் கதையை வைக்கிற மாதிரி. உங்கள் தலைவர் என்ன சொன்னார்? ‘வரும்.’ என்ன வரும்? சொல்லவில்லை. எழுவாய் இல்லாமல் பேசுவது தமிழில் நமக்கு இருக்கிற வசதி. அவர் மட்டும் “தண்ணி வரும்” என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால் வீடியோ அன்று சாயங்காலமே செத்திருக்கும். தண்ணீரை அவர் சொல்லாமல் விட்டதால் அங்கே சம்பளம் வந்து உட்கார்ந்தது, பஸ் உட்கார்ந்தது, கரண்ட் உட்கார்ந்தது.

இரண்டாவது, அந்த நாலு விநாடி மௌனம். நாங்கள் டெம்ப்ளேட் தேடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். வடிவேலு முகத்தை வைத்து இவ்வளவு மீம் வருவது ஏன்? வசனம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடி விழுந்த பிறகு அவர் பேசாமல் ஒரு பார்வை பார்ப்பார் இல்லையா, அதில்தான் எதை எழுதினாலும் ஒட்டும். உங்கள் தலைவர் கேமராவைப் பார்க்கிற பார்வை அந்த ரகம். நடிக்கச் சொன்னால் வராது.

மூன்றாவது, சத்தம். தவில் காதைக் கிழித்தது என்கிறீர்கள். எங்களுக்கு வந்த வீடியோவில் தவில் எங்கோ தூரத்தில் கேட்கிறது. ‘உஸ்ஸ்’ஸும் ‘வரும்’மும் மட்டும் துல்லியமாக இருக்கின்றன. நீங்கள் கேமராவின் மேல் ஷாட்கன் மைக் (நேர் எதிரே வருகிற சத்தத்தை மட்டும் பிடிக்கிற நீள மைக்) வைத்திருந்தீர்களா? அப்படியென்றால் அமெரிக்காவில் ஹோவர்ட் டீன் என்பவருக்கு நடந்ததுதான் உங்கள் தலைவருக்கும் நடந்திருக்கிறது. 2004 ஜனவரி 19, அயோவா மாநிலத்தில் ஜனாதிபதித் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் தேர்வு. டீன் மூன்றாவதாக வந்தார். தொண்டர்களை உற்சாகப்படுத்த மேடையேறி மாநிலம் மாநிலமாகப் பெயர் அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு கத்து கத்தினார். ஹாலில் இருந்தவர்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை, அவ்வளவு கூச்சல் அங்கே. ஆனால் அவர் கையில் இருந்த மைக் சுற்றுச்சத்தத்தை வடிகட்டுகிற வகை. டிவியில் கூட்டத்தின் கூச்சல் காணாமல் போய், ஒரு மனிதர் தனியாக நின்று ஊளையிடுகிற மாதிரி கேட்டது. நாலு நாளில் 633 தடவை டிவிகளில் ஓடியதாகக் கணக்கு. யூடியூப் பிறப்பதற்கு முந்தைய வருடம் இது.

நம்ம ஊரில் தெர்மாகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல், வைகை அணை. தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்க விட்டார். காற்று அடித்து அத்தனையும் கரைக்குத் திரும்பி வந்தது. அதற்குக் கேப்ஷனே தேவைப்படவில்லை. இன்றைக்கும் ‘தெர்மாகோல்’ என்று ஒரு சொல் போட்டால் போதும். இதில் ஒரு வேடிக்கை, நீரை மூடி வைக்கிற யோசனையே பைத்தியக்காரத்தனம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 2015இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்க விட்டார்கள், வெயில் பட்டுத் தண்ணீர் கெடாமல் இருக்கவும் ஆவியாவது குறையவும். பந்தை விட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அட்டைக்கும் காற்றுக்கும் ஆகாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. நேற்றிலிருந்து உங்கள் வீடியோவின் மெதுவாக்கிய வடிவம் ஒன்று சுற்றுகிறது. ‘வருஉம்… வருஉம்…’ என்று தலைவர் குடித்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். 2019 மே மாதம் அமெரிக்க சபாநாயகர் நான்சி பெலோசியின் பேச்சை ஏறக்குறைய 75 சதவீத வேகத்துக்குக் குறைத்து இதே வேலையைச் செய்தார்கள். இது கேலி இல்லை, பொய். அதைக் கண்டால் பகிராதீர்கள்.

சரி, கடைசியாக ஒன்று. என்னைக் கேட்டால் வீடியோவின் ஹீரோ தலைவர் இல்லை. இடது ஓரத்தில் பழுப்பு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலையில் வைக்கிறாரே, அந்த அண்ணன்தான். ஸ்டிக்கராகவே என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன்.


பதில்: வர்க்கி வித் டீ

எங்கள் ஆபீஸில் இன்க்ரிமென்ட் கேட்டு குரூப்பில் எழுதினோம். மேனேஜரே இந்த வீடியோவைப் போட்டுவிட்டார். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.


பதில்: கோத்தகிரி ஸ்டுடியோ

மீம் ஓய்வூதியர் தம்பி, ஷாட்கன் மைக்தான். குழாய்க்கு ஆறடி தள்ளி வைத்திருந்தேன், தவில் மறுபக்கம். காண்ட்ராக்டருக்குத் தலைவர் பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. அது இப்படித் திரும்பும் என்று யார் கண்டார்.

ஸ்டிக்கர் வேண்டாம். நான் முதலில் எழுதாமல் விட்ட விஷயம் அந்தக் குல்லாக்காரர்தான். எழுதக் கூச்சமாக இருந்தது.

அவர் அந்த ஊர் டேங்க் ஆபரேட்டர். தினக்கூலி. ஐம்பத்தாறு வயது. விழா முடிந்த மூன்றாம் நாள், வீடியோ பரவியதும், “இனி வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். தண்ணியைச் சரியாகத் திறந்து விடாமல் தலைவரை அசிங்கப்படுத்திவிட்டாராம்.

நடந்தது என்ன தெரியுமா? என்னிடம் மொத்தம் நாற்பது நிமிட வீடியோ இருக்கிறது. காலை ஒன்பதே காலுக்கு, நான் கேமரா சரிபார்க்க ஓட்டிய இடத்தில், அவர் காண்ட்ராக்டரின் ஆளிடம் சொல்வது அப்படியே பதிவாகியிருக்கிறது: “புது லைன் சார். ஒரு மணி நேரம் கழுவி விடணும். காத்து போகணும், மண்ணு போகணும்.” அதற்கு அந்த ஆள், “தலைவர் கையாலதான் முதல் தண்ணி வரணும், வால்வைத் தொடாதே” என்கிறார். டேங்க் மேட்டில் இருக்கிறது, குழாய் பள்ளத்தில். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் ஏறும். அங்கே அறுபது மீட்டராவது இருக்கும். காலிக் குழாய்க்குள் அடைபட்ட காற்றை அந்தத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தால் முகத்தில் அடிக்காமல் என்ன செய்யும்? அவர் தலையில் கை வைத்தது ‘ஐயோ தப்பு பண்ணிட்டோமே’ என்று இல்லை. ‘சொன்னேனே’ என்று.

பதினொரு விநாடி வெட்டியபோது அவர் ஃபிரேமில் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. தலைவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


பதில்: கூடலூர் பழைய நிருபர்

தம்பி, கடைசியாக நீங்கள் எழுதியதைப் படித்ததும் தெப்பக்காடு ஞாபகம் வந்தது. இங்கே பலருக்கும் நினைவிருக்கும். 2020 பிப்ரவரி 6. முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் புத்துணர்வு முகாம் தொடக்கம். வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் வந்திருந்தார். யானைக்குக் கரும்பு கொடுப்பதை எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு தயாராக நின்றார்கள். கோயிலுக்குள் போவதற்கு முன்னால், அங்கே நின்ற ஒரு பழங்குடிச் சிறுவனைக் கூப்பிட்டுத் தன் செருப்பைக் கழற்றச் சொன்னார். சிறுவன் குனிந்து கழற்றினான். சுற்றிலும் அதிகாரிகள். யானைக்காக வந்த கேமராக்கள் செருப்பை எடுத்தன.

அன்றைக்கே நாடு முழுக்கச் சுற்றியது. பேரன் மாதிரி நினைத்துத்தான் கூப்பிட்டேன் என்று விளக்கம் சொன்னார். மசினகுடி காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் போனது. பிறகு ஊட்டியில் அந்தக் குடும்பத்தாரைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். இந்த மலையில் எடுத்த ஒரு வீடியோ ஒரு அமைச்சரை அப்படி இறங்கி வரச் செய்ததை என் முப்பது வருடத்தில் நான் வேறு பார்த்ததில்லை. அதனால் வீடியோ எடுக்காதே, போடாதே என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீடியோ மீமாகவும் ஆனது. எனக்கு வந்த பகிர்வுகளில் பாதியில் சிறுவன் முகம் மறைக்காமல் இருந்தது. அமைச்சரைக் கேலி செய்கிறோம் என்று நினைத்து, செருப்புக் கழற்றக் குனிந்த பிள்ளையைத்தான் ஆயிரம் பேர் ஆயிரம் போனில் மறுபடி மறுபடி குனிய வைத்தார்கள். அமைச்சர் மறுநாள் மைக் முன்னால் நின்று பேசினார். பிள்ளைக்கு ஏது மைக்?

அரசியல்வாதிக்காக நீங்கள் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். தெர்மாகோல் கேலிக்குப் பிறகும் செல்லூர் ராஜு 2021இல் மதுரை மேற்கில் ஜெயித்தார். டீன் கத்தியது அயோவாவில் தோற்ற பிறகு, கத்தித் தோற்றதாக எல்லாரும் மாற்றிச் சொல்கிறார்கள். லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் 2012 ஒலிம்பிக் சமயத்தில் கம்பியில் சறுக்கி வரும்போது பாதியில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கொடியோடு அந்தரத்தில் தொங்கினார். ஏழு வருடம் கழித்துப் பிரதமரே ஆனார். அந்தரத்தில் தொங்கியபோதும் அவர் கொடியை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார், அங்கே இருக்கிறது சூட்சுமம். உங்கள் தலைவரிடம் யாராவது சொல்லுங்கள்.

ஆபரேட்டர் விஷயத்தை விடாதீர்கள். முழு வீடியோவை இன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.


பதில்: கொடைக்கானல் டீச்சர்

நான் இங்கே பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். விஜயகாந்த் நினைவுக்கு வருகிறார். அவர் மேடையில் தடுமாறுவதையும் பேச்சு குழறுவதையும் வைத்து எத்தனை மீம் வந்தது? எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே சிரித்திருக்கிறோம், நானும்தான். உடம்பு சரியில்லாமல்தான் அப்படி இருந்தார் என்பது மெதுவாகத்தான் மனதில் இறங்கியது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தபோது, அதே குரூப்களில் அதே ஆட்கள் கறுப்பு வெள்ளைப் படம் போட்டு ‘கேப்டன்’ என்று அழுதார்கள். பழைய மீம்களை யாராவது அழித்தார்களா என்றால், இல்லை. இன்னும் தேடினால் கிடைக்கிறது. என் போனிலேயே ஒன்று இருந்தது, அன்றைக்குத்தான் அழித்தேன்.


பதில்: மலையடிவார வக்கீல்

பழனியில் இருக்கிறேன், கொடைக்கானல் கோர்ட்டுக்கும் ஏறி இறங்குகிறவன். இது பொதுவான பேச்சு. உங்கள் விவகாரத்துக்கு நேரில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

முதலில் கைது பயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால் மூன்று வருடம் வரை சிறை. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் ரத்து என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். 2012 ஏப்ரலில் மம்தா பானர்ஜி பற்றிய கேலிப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைக் கைது செய்தார்கள். பிரிவே செத்த பிறகும் அவர் வழக்கிலிருந்து முழுதாக விடுபட்டது 2023 ஜனவரியில். 2019 மே மாதம் அதே மாநிலத்தில் முதல்வர் முகத்தை ஒரு நடிகையின் படத்தில் ஒட்டிய மீமைப் பகிர்ந்த பெண் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை வந்துதான் ஜாமீன் வாங்கினார். நம் நாட்டில் தீர்ப்பை விட வாய்தாதான் பெரிய தண்டனை.

உங்கள் வீடியோ திருத்தாதது, பொது விழாவில் எடுத்தது. அதில் அவதூறு என்று நிற்க வைப்பது சுலபமில்லை. மெதுவாக்கிய வடிவத்தைப் போட்டவனுக்குத்தான் வில்லங்கம். ஆனால் உங்களுக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வீடியோ உங்களுடையதா? 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, அவர் காசுக்கு எடுத்துக் கொடுத்த படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அதாவது காண்ட்ராக்டர். (மீதி 1,500 வராததை வைத்து வாதாடலாமே தவிர, அதை நம்பி இருக்காதீர்கள்.) அதனால் நாற்பது நிமிடத்தையும் கோபத்தில் இணையத்தில் கொட்டிவிடாதீர்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கடைக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். ஆபரேட்டர் புகார் கொடுத்து, கோர்ட் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

எடுக்கச் சொல்கிறார்களே, அதற்கு: எடுக்க முடியாது, எடுக்க முயன்றால் இன்னும் பரவும். 2003இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீடு தெரிகிற ஒரு கடற்கரைப் புகைப்படத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படத்தை இறக்கியவர்கள் ஆறு, அதில் இரண்டு அவர் வக்கீல்களே இறக்கியது. வழக்கு வெளியே தெரிந்த மாதத்தில் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் வந்து பார்த்தார்கள். தலைவரின் பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர்களும் உட்காருவார்கள்.


பதில்: மீம் ஓய்வூதியர்

அண்ணா, ஸ்டிக்கரை என் போனில் அழித்துவிட்டேன். அதை முதலில் செய்த பையனைத் தேடிப் பிடித்துப் பேசினேன், ஈரோட்டில் படிக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் பக்கத்தில் அழித்துவிட்டான். மற்றவர்கள் கையில் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. தலைவர் முகத்தில் க்ளோசப் வைத்து, ஓரம் தெரியாமல் வெட்டிய வடிவம் ஒன்று செய்து பழைய நண்பர்களிடம் கொடுத்திருக்கிறேன். இனிமேல் புதிதாகப் போடுகிறவர்களாவது அதை எடுத்துக்கொள்ளட்டும்.


பதில்: கோத்தகிரி ஸ்டுடியோ

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இங்கே ஒரே மழை, நெட்வொர்க் பாதி நாள் இல்லை.

வக்கீல் சார் சொன்னபடி தலைவருக்கே போன் போட்டேன். பையன்கள் இல்லாமல் தனியாக வந்தார், ராத்திரி எட்டரைக்கு, பாதி ஷட்டர் இறக்கிய பிறகு. டீ வாங்கிக் கொடுத்து, ஒன்பதே கால் மணிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். ஆபரேட்டர் பேசுகிற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. “வால்வைத் தொடாதே” வந்தபோது மட்டும், “இவன்தானா?” என்றார். அப்புறம் தன் வீடியோவையும் ஒரு தடவை போடச் சொன்னார். முகத்தில் தண்ணீர் அடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, டீ சிந்தியது. “என் மகள் பெங்களூர்லேர்ந்து போன் பண்ணி, அப்பா நீங்க டிரெண்டிங்னா. அவகிட்ட திட்டறதா சிரிக்கறதா?” என்று கேட்டார். ஆபரேட்டரைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். நான் நம்பினேன்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வரும்… வரும்…

நடந்தது எப்படித் தெரியுமா? அவர் இடத்துக்குப் போட்ட புது ஆளுக்கு எந்த வால்வு எந்த லைனுக்கு என்று தெரியவில்லை. அந்தச் சரிவில் பதினாலு வால்வு இருக்கிறது. பாதி தேயிலைச் செடிக்குள், இரண்டு மண்ணுக்கு அடியில். ஒன்றுக்கும் வரைபடம் கிடையாது, எல்லாம் அந்தக் குல்லாவுக்குள்தான் இருக்கிறது. மேல் ஊருக்கு நாலு நாள் தண்ணீர் இல்லை, கீழே ஒரு தோட்டத்துக்குள் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. ஐந்தாம் நாள் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்ததும், இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார்கள். என் நாற்பது நிமிட வீடியோவால் அசையாதது பதினாலு வால்வால் அசைந்தது. போன வார நாட்களுக்கான கூலி இன்னும் கொடுக்கவில்லையாம்.

நேற்று அவர் கடைக்கு வந்தார். அன்றிலிருந்து முதல் தடவை. நான் பேச வாயெடுப்பதற்குள் நூறு ரூபாயை நீட்டி ரீசார்ஜ் போடச் சொன்னார். போட்டு முடித்ததும், “அண்ணா, அந்த வீடியோ…” என்று ஆரம்பித்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார். பேரன் பள்ளிக்கூடத்தில் எல்லார் போனிலும் தன் படம் இருக்கிறதாமே, அது தன் போனில் வராதா என்று கேட்டார். அவருடையது பட்டன் போன். வராது என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். அப்படியென்றால் பிரிண்ட் போட்டுக் கொடு என்றார்.

முழு வீடியோவிலிருந்து அந்த ஃபிரேமை எடுத்து, தலைவரை வெட்டி, நாலுக்கு ஆறு அளவில் மேட் பேப்பரில் ஒன்று போட்டேன். காசு வாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கை மட்டும் தலையிலிருந்து இறங்கி இருக்கிற மாதிரி பண்ண முடியுமா என்று கேட்டார்.